அத்தியாயம் 6: கீசர் மாட்ட யாரைக் கூப்பிடுவது?

நம் பக்கத்தில் வீட்டைச் சூடாக்க யாரும் பாய்லர் வைப்பதில்லை. நமக்கு வேண்டியது குளிக்க வெந்நீர். சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கூமாபட்டி வட்டாரத்தில் தென்னை மட்டைக்கும் சிரட்டைக்கும் பஞ்சமில்லாததால், புறவாசலில் அண்டாவோ செம்பு பாய்லரோ வைத்து எரித்தே தலைமுறைகள் குளித்துவிட்டன. இப்போது கட்டும் வீடுகளில் குளியலறை உள்ளே வந்துவிட்டது. கூடவே கீசரும் வந்துவிட்டது. கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள், மார்கழியில் விடியுமுன் குளித்துக் கோயிலுக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள் என்று தேவையும் பெருகிவிட்டது.

எந்தக் கீசர் வாங்குவது என்பதைப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். இங்கே பார்க்கப்போவது அதை மாட்டும் ஆளைப் பற்றி. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் மனிதரின் தலைக்கு மேல் மின்சாரம், வெந்நீர், அழுத்தம் மூன்றும் ஒரே டப்பாவுக்குள் இருக்கின்றன. விலை உயர்ந்த கீசரைத் தப்பாக மாட்டினால் ஆபத்துதான். சாதாரணக் கீசராக இருந்தாலும் சரியாக மாட்டினால் பல வருடம் உழைக்கும். அதனால் கீசர் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பே ஆளைப் பார்த்துவிடுங்கள்.

இது ஒரு வேலை அல்ல, மூன்று வேலை

பலரும் சறுக்குவது இங்கேதான். 'கம்பெனியிலிருந்து ஆள் வந்து இலவசமாக மாட்டித் தருவார்' என்று கடையில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அவர் ஏற்கெனவே இருக்கும் பிளக்கில் சொருகி, ஏற்கெனவே இருக்கும் குழாயில் ஹோஸை இணைத்து, வாரண்டி கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். சுவருக்குள் ஓடும் ஒயர் எத்தனை எம்.எம்., எர்த் உயிரோடு இருக்கிறதா, குழாய் வெந்நீரைத் தாங்குமா என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது.

- மின்சார வேலை: மெயின் பாக்ஸிலிருந்து தனி லைன், எம்.சி.பி., எர்த். இது உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனுடையது.
- குழாய் வேலை: தண்ணீர் வரவு, வெந்நீர்ப் போக்கு, சேஃப்டி வால்வு. இது பிளம்பருடையது.
- கீசரைச் சுவரில் ஏற்றி முதலில் ஓட்டிக் காட்டுவது கம்பெனி ஆளுடையது.

மூன்றையும் ஒருவரே செய்யக்கூடாதா என்றால், செய்யலாம். நம் ஊர்களில் அப்படிக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்றையும் தனித்தனியாக விசாரித்து, மூன்றுக்கும் பொறுப்பு யார் என்று முடிவு செய்த பிறகே வேலையை ஒப்படைக்க வேண்டும்.

தகுதி என்றால் என்ன?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழுதான கீசரைக் கழற்றி, அதே அளவுள்ள புதியதை அதே பாயிண்டில் மாட்டுவது சாதாரண மாற்று வேலை. புதிதாக லைன் இழுப்பது, இருக்கும் ஒயரிங்கை மாற்றுவது, கூடுதல் லோடு சேர்ப்பது ஆகியவற்றை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்யவேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் சொல்வது இதுதான். 2010-இல் வந்த அந்த விதிகளின் இடத்தில் இப்போது 2023-ஆம் ஆண்டு விதிகள் நடப்பில் உள்ளன.

தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைத் தருவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். தனி ஆளுக்கு மூன்று படிகளில் சான்று உண்டு: மின்கம்பியாள் உதவியாளர், மின்கம்பியாள், மேற்பார்வையாளர். ஒப்பந்ததாரருக்குத் தனியாக ஈ.ஏ., ஈ.பி. போன்ற தரங்களில் உரிமம். இந்த 'ஈ.பி.' உரிமத்தின் தரத்தைக் குறிக்கிறது. நாம் பில் கட்டும் ஈ.பி. ஆபீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் அல்லது ஒயர்மேன் பிரிவில் 2 வருடம் படித்தவர்கள் ஒரு வழியில் வருகிறார்கள். படிக்காமல் கூடவே நின்று தொழில் கற்றவர்களுக்கும் வழி உண்டு. 21 வயது நிரம்பி, ஒயரிங்கில் குறைந்தது 5 வருட அனுபவம் இருந்தால், அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். 'படிக்காதவர், ஆனால் நல்ல கை' என்று ஒருவரைச் சொன்னால், 'அந்தத் தேர்வு எழுதிச் சான்று வாங்கியிருக்கிறாரா?' என்று கேளுங்கள். நல்ல கை உள்ளவர் வாங்கி வைத்திருப்பார்.

லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால், அங்கே பாய்லர் மாட்ட வருகிறவரிடம் அட்டை கேட்பது எவ்வளவு இயல்பு என்று சொல்வார்கள். பிரிட்டனில் 2009 ஏப்ரல் 1 முதல் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இருப்பவர் மட்டுமே கேஸ் பாய்லரில் கை வைக்கலாம். அட்டையின் முன்பக்கம் படமும் காலாவதித் தேதியும் இருக்கும்; எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது பின்பக்கம் இருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் விடாதீர்கள் என்று அங்கே மக்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். இங்கே நாம் கேட்கத் தயங்குகிறோம். தெரிந்த பையன், சொந்தக்காரர், மனம் நோகும் என்று நினைக்கிறோம். தயவுசெய்து கேளுங்கள். சான்று வைத்திருப்பவர் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக் காட்டுவார்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் வரிசை

1. புரட்டாசியிலேயே தொடங்குங்கள். மழையும் பனியும் வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அப்போது கிடைக்கும் ஆள்தான் ஆள் என்றாகிவிடும்.

2. பெயர்களைச் சேருங்கள். சமீபத்தில் வீடு கட்டி மின் இணைப்பு வாங்கிய இரண்டு மூன்று பேரைக் கேளுங்கள். புது இணைப்புக்கு ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கை தேவைப்பட்டிருக்கும். அதில் கையெழுத்துப் போட்டவர் யார், வேலையைச் செய்தவர் யார் என்று இரண்டையும் கேளுங்கள். ஒரே ஆளாக இருந்தால் நல்லது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் எலக்ட்ரிகல் சாமான் விற்கும் பழைய கடைகளிலும் கேட்கலாம். மட்டமான ஒயர் கேட்பவர் யார், தரமானதைத் தேடுபவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

3. சான்றைக் கண்ணால் பாருங்கள். பெயர், படம், சான்று எண், எதுவரை செல்லும் என்ற தேதி ஆகிய நான்கையும் பார்த்துப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'லைசென்ஸ் எங்க ஓனர்கிட்ட இருக்கு' என்றால், அந்த ஓனரிடம் பேசிவிட்டு மேற்கொண்டு போங்கள்.

4. 'ஈ.பி.ல வேலை பார்க்கிறவர்' என்பதைத் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பத்தில் ஏறும் திறமை வேறு, வீட்டு ஒயரிங் வேறு. மீட்டருக்கு இந்தப் பக்கம் நடக்கும் வேலைக்கு மின்வாரியம் பொறுப்பல்ல.

5. போனில் விலை கேட்காதீர்கள். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வந்தவர் முதலில் எங்கே போகிறார் என்று கவனியுங்கள். நேராகக் குளியலறைச் சுவரைப் பார்த்து 'இங்க மாட்டிரலாம்' என்பவர் ஒரு ரகம். மெயின் பாக்ஸைத் திறக்கச் சொல்லி, எர்த் குழி எங்கே என்று கேட்டு, வீட்டில் ஏ.சி., மோட்டார், கிரைண்டர் என்னென்ன ஓடுகின்றன என்று விசாரிப்பவர் இன்னொரு ரகம். நமக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

6. எர்த் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

"தம்பி, எர்த்துக்கு என்ன செய்யப்போறீங்க?"

"கம்பெனி கீசர் அண்ணாச்சி, ஷாக்கெல்லாம் அடிக்காது. எர்த் இல்லாட்டியும் ஓடும்."

ஓடும் என்பது உண்மைதான். அதுதான் ஆபத்தே. இந்தப் பதிலோடு அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

"குழி எங்க இருக்குன்னு காட்டுங்க அண்ணாச்சி. வெயிலுக்கு வத்திக் கெடந்தா தண்ணி ஊத்தி, அளந்து பாத்துட்டுத்தான் மாட்டணும். சரியில்லேன்னா புதுசா ஒண்ணு போட்டுரணும்." இப்படிச் சொல்பவரை விடாதீர்கள்.

7. மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். சாமான் தனியாக, கூலி தனியாக இருக்கட்டும். ஒயரின் அளவு, எம்.சி.பி. எத்தனை ஆம்ப், குழாய் எந்த வகை, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்பதெல்லாம் அதில் வரவேண்டும். 'எல்லாம் சேத்து இவ்வளவு' என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். மெல்லிய ஒயர் உள்ளே நுழைவது அந்த ஒரு வரியில்தான்.

8. பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். சாமானுக்கு முன்பணம் கேட்பது நியாயம். கூலியில் ஒரு பகுதியைக் கீழே சொல்லப்போகும் சோதனைகள் முடியும்வரை நிறுத்திவையுங்கள். இதை வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

> குறிப்பு: மிகக் குறைந்த கூலி சொன்னவரிடம், 'மத்தவங்க கூடுதலா கேக்குறாங்களே, எதை விட்டுட்டுச் செய்றீங்க?' என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் தனி லைனும் எர்த்தும் விடுபட்டிருக்கும்.

எர்த்: விட்டுக்கொடுக்கக்கூடாத இடம்

நம் பகுதியில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. சூடாக்கும்போது உப்பு பிரிந்து, கீசருக்குள் இருக்கும் காயிலின் மேல் வெள்ளையாகப் படிந்துகொண்டே போகும். படிவு தடித்தால் சூடு வெளியேறாமல் காயிலின் உறை வெடிக்கும். அப்போது மின்சாரம் தண்ணீருக்குள்ளும் கீசரின் உடம்புக்குள்ளும் இறங்கும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். மெயின் பாக்ஸில் உள்ள கசிவு பிரேக்கர் உடனே விழும். எர்த்தும் இல்லை, பிரேக்கரும் இல்லை என்றால், ஷவருக்குக் கீழே நிற்பவர் வழியாகத்தான் மின்சாரம் தரைக்குப் போகும்.

ஆள் வந்ததும் குளியலறைப் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் மெயினை அணைத்திருக்க வேண்டும். மூன்று துளைகளில் மேலே இருக்கும் பெரிய துளைதான் எர்த். பின்னால் அதற்கு ஒரு பச்சை ஒயர் வந்திருக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்று விதமான காட்சிகள் கிடைக்கும். ஒன்று, அந்த முனை காலியாக இருக்கும். இரண்டு, பச்சை ஒயர் வந்திருக்கும். ஆனால் மெயின் பாக்ஸுக்குப் போய்ப் பார்த்தால் மறுமுனை சுருட்டி டேப் ஒட்டப்பட்டிருக்கும். மூன்றாவதுதான் படுமோசம். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயரை வெட்டி, நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு லூப் அடித்திருப்பார்கள். டெஸ்டர் வைத்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். என்றைக்காவது நியூட்ரல் ஒயர் வழியில் விட்டுப்போனால், கீசரின் உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும். இந்த லூப்பைப் பார்த்ததும் 'இத முதல்ல எடுக்கணும்' என்று சொல்லாத ஆளிடம் எந்த வேலையையும் கொடுக்காதீர்கள்.

தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுவது இன்னொரு பழைய வழக்கம். இரும்புக் குழாய்க் காலத்திலேயே அது தப்பு. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் குழாய். அதில் கட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

எர்த்தின் தரத்தை அளக்க எர்த் டெஸ்டர் என்ற கருவி வேண்டும். மல்டிமீட்டரை ஃபேஸிலும் எர்த்திலும் வைத்து '230 காட்டுது, சூப்பர்' என்று சொன்னால் ஏற்காதீர்கள். வற்றிப்போன, பலவீனமான எர்த்திலும் அந்த மீட்டர் 230 காட்டும். ஆபத்து நேரத்தில் பெருகி வரும் மின்சாரத்தை அந்த எர்த் தாங்குமா என்பதை அது சொல்லாது. மலையடிவாரப் பாறை மண்ணில் குழி ஆழம் போகாத வீடுகளில் இந்த அளவீடு இன்னும் அவசியம். சித்திரை, வைகாசியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை வீட்டு வேலைகளில் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

எர்த்தோடு 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி.யும் (மேலே சொன்ன கசிவு பிரேக்கர்) வேண்டும். இது இருந்தால் அது வேண்டாம் என்றில்லை. இரண்டும் சேர்ந்துதான் பாதுகாப்பு. மாட்டிய பிறகு அது அடிக்கடி விழுகிறது என்று 'பைபாஸ்' செய்து தருவதாக யாராவது சொன்னால், அவரை அப்போதே நிறுத்துங்கள். விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஒயரும் பிளக்கும்

25 லிட்டர் கீசர் பெரும்பாலும் 2 கிலோவாட். 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்ப் எடுக்கும். உடனடி வெந்நீர் தரும் சின்னக் கீசர் 3 கிலோவாட். அது 13 ஆம்ப். இரண்டையுமே 6 ஆம்ப் பிளக்கில் சொருகக் கூடாது. 16 ஆம்ப் பிளக்கும், மெயின் பாக்ஸிலிருந்து வேறு எதற்கும் பிரியாத தனி லைனும் வேண்டும். செம்பு ஒயர் 2 கிலோவாட்டுக்குக் குறைந்தது 2.5 எம்.எம்., 3 கிலோவாட்டுக்கு 4 எம்.எம். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். ஒயர் சுருளின் மேல் ஐ.எஸ். 694 என்ற எண் அச்சிட்டிருக்கிறதா என்று சுருளைப் பிரிக்குமுன் பாருங்கள். உள்ளே இழுத்த பிறகு பார்ப்பது கடினம். உங்கள் ஒப்பந்த மின்பளு எவ்வளவு என்பதையும் எலக்ட்ரீசியனிடம் சொல்லுங்கள். ஏ.சி.யும் கீசரும் ஒன்றாக ஓடும் வீட்டில் அதைக் கூட்ட வேண்டியிருக்கலாம்.

பிளம்பரிடம் கேட்க வேண்டியவை

- வெந்நீர் லைனுக்கு என்ன குழாய்? 'சி.பி.வி.சி.' என்ற பதில் வரவேண்டும். சாதாரண பி.வி.சி. வெந்நீரில் இளகி மூட்டு விடும். சி.பி.வி.சி.க்கு உரிய பசையும் வேறு.
- சேஃப்டி வால்வு எங்கே வரும்? பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் பக்கத்தில். அதற்கும் கீசருக்கும் நடுவே எந்த அடைப்பு வால்வும் வரக்கூடாது.
- வால்விலிருந்து சொட்டும் தண்ணீர் எங்கே போகும்? சூடாகும்போது தண்ணீர் விரிவதால் சில சொட்டு வருவது இயல்பு. 'ஒழுகுது' என்று அதை அடைத்துவிடுபவர் கீசரை வெடிகுண்டாக்குகிறார். ஒரு சின்னக் குழாய் மாட்டித் தரைக்கு இறக்கிவிடச் சொல்லுங்கள்.
- சுவர் தாங்குமா? 25 லிட்டர் தண்ணீரே 25 கிலோ. அதோடு கீசரின் எடையும் சேரும். பழைய மண் சாந்துச் சுவரிலும் ஹாலோ பிளாக் சுவரிலும் சாதாரண ரவுல் பிளக் போதாது.

கேஸ் கீசர் வேண்டும் என்றால்

அழுத்தமாகச் சொல்கிறேன்: குளியலறைக்குள் கேஸ் கீசரை மாட்டச் சம்மதிக்கும் எவரும் தகுதியான ஆள் அல்ல. மூடிய சிறு அறையில் கேஸ் எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கப் போனவர் தலைசுற்றி விழுந்து, கதவை உடைத்துப் பார்க்கும்போது உயிர் போயிருந்த சம்பவங்கள் நம் நாட்டின் பல நகரங்களில் நடந்திருக்கின்றன. கேஸ்தான் வேண்டுமென்றால் கீசரும் சிலிண்டரும் வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். வெந்நீர் மட்டும் குழாயில் உள்ளே வரட்டும். இணைப்பை உங்கள் கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கேஸ் கசிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.

சோலாருக்கும் இதே விசாரணைதான். கூடுதலாக இரண்டு கேள்விகள்: உப்புத் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு, குரங்கு வரும் மாடியில் கண்ணாடிக் குழாய்களுக்கு என்ன பாதுகாப்பு.

மாட்டி முடித்த அன்று: பணம் கொடுக்குமுன்

1. முதலில் தண்ணீர், பிறகுதான் கரண்ட். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை காத்திருங்கள். வெறும் தொட்டியோடு சுவிட்சைப் போட்டால் காயில் கருகும்.
2. எல்லா மூட்டுகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, சிறிது நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள்.
3. ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பொத்தானை உங்கள் கையாலேயே அழுத்துங்கள். உடனே விழ வேண்டும்.
4. எர்த் டெஸ்டர் காட்டிய அளவை எழுதி வாங்குங்கள்.
5. கீசரை முழுச் சூடு வரை ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் தானாக அணைக்கிறதா பாருங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு, சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். கைச்சூட்டை மீறிக் கொதித்தால் இணைப்பு தளர்வு.
6. சேஃப்டி வால்வின் நெம்புகோலைத் தூக்கச் சொல்லுங்கள். தண்ணீர் சூடாக வரலாம். கையையும் முகத்தையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.
7. வாரண்டி கார்டில் தேதி, கையெழுத்து, முத்திரை. பில்லில் எலக்ட்ரீசியனின் சான்று எண்.

இதில் ஒன்று தவறினாலும் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சரிசெய்துவிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபப்படமாட்டார். தன் வேலையைப் புரிந்து பார்க்கும் வீட்டுக்காரரை அவருக்கும் பிடிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் பேசிய கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் முழுதாக, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

பிறகு

தொட்டி உள்ள கீசர் என்றால், தண்ணீர் சூடானதும் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். ஆர்.சி.சி.பி. பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உப்புத் தண்ணீர் வீடுகளில் வருடம் ஒருமுறை தொட்டியைத் திறந்து, காயிலைச் சுத்தம் செய்து, உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் அதே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அவர் பெயர், போன் எண், சான்று எண், மாட்டிய தேதி, எர்த் அளவு, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987 ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மெயின் பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.